சாப்பிட்டாச்சோ?



இலுப்பைக்கடவையிலிருந்து சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போன நாங்கள் இருவரும், மாலையில் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம். இப்பள்ளி விடுதியில் உரத்து வாசித்துப் பழகியதுதான் எங்கள் முறை. அவர்களின் அம்மம்மா வாசலில் கண்டதும் "ச்சு ல மா?" என்பார். சாப்பிட்டாச்சோ என்று அர்த்தம். எங்கள் ஊரிலும் அதுதானே முதற்கேள்வி! குடிக்கத் தருவது எப்போதும் சுடுநீர்தான்.

2008இல் மன்னார்–பூநகரி வீதியால் போர் நகர்ந்தபோது எங்கள் சனம் இடம்பெயர்ந்தது. மாதக்கணக்காக வீட்டாரின் குரல் கேட்கவில்லை. அவர்கள் சாப்பிட்டார்களோ தெரியாது. ஒருநாள் அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டோம். அம்மம்மா எதுவும் விசாரிக்காமல் சுடுநீர்க் கோப்பையைக் கையில் வைத்தார்.

இன்று நோயாளரிடம் நாங்கள் முதலில் கேட்பதும் அதுவே. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.