டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாதது

(குடியாத்தத்தில் குடிநீர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே பல பேர் கையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கு. "சார், எங்க போர் தண்ணி 1,100 காட்டுது, குடிக்கலாமா?"ன்னு கேட்கிறீங்க. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் அது தோராயமாகச் சொல்லுது. இந்தியத் தர அளவுகோல்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. அதனால் 1,100ன்னா உடனே விஷம்னு அர்த்தம் இல்லை.

ஆனா 300 காட்டினா நிம்மதியா இருக்கலாமா? அதுவும் முடியாது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு நம்மைச் சுற்றி தோல் பதனிடும் ஊர்கள். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு ஊறல் தண்ணீரோடு வெளியே வரும். பதனிட குரோமியம் சேர்ப்பாங்க. குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மீட்டரோ முழு எண்ணாகத்தான் எண்ணும். வரம்பைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் அதுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் கிருமிதான் சாகும்; உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழான கணக்கு அதிலேயே இருக்கு. ஆபத்து முழுசா நிரூபணம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், முன்னாடியே தடுக்கணும்னு சொன்ன தீர்ப்பு அது. பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் கடுமையா தீர்ப்பு கொடுத்தது.

அப்போ சந்தேகம் வந்தாலே வெளியே சொல்லலாம். சந்தேகம்னு சொல்லித்தான் சொல்லணும். "பாலாத்துத் தண்ணி குடிச்சா கேன்சர், எல்லாருக்கும் பகிரவும்"னு ஒரு செய்தி வந்தா யாருக்கு என்ன பயன்? எந்தக் கிணறுன்னு இல்லை, தேதி இல்லை. பத்து முறை வந்தபிறகு நிஜமான எச்சரிக்கையையும் யாரும் படிக்க மாட்டாங்க. தோல் வேலைக்குப் போற குடும்பங்களும் அதே தண்ணியைத்தான் குடிக்குது; அவங்களைப் பழிக்கிற மாதிரி எழுதினா அவங்க காது கொடுக்க மாட்டாங்க. இப்படி எழுதிப் பாருங்க: "நம்ம தெருக் கைப்பம்பில் இந்தத் தேதியில் தண்ணி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கு. முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க வேண்டாம். குழாய்த் தண்ணியை எடுத்துக்குங்க." முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, எண்ணோடு அதே குழுவில் போடுங்க. 'பயப்பட ஒண்ணுமில்லை'ங்கிற செய்தியைப் பாதிப் பேர் போடுறதே இல்லை.

தண்ணியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். பம்பைச் சில நிமிஷம் ஓட விட்டுப் பிடிங்க. குரோமியமும் பார்க்கணும்னு எழுதியே கொடுங்க, கேட்காவிட்டால் விட்டுப்போகலாம். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை கொடுத்தா நல்லது, அளவு மாறும். கழிவு வெளியேறுவதைப் பார்த்தால் இடமும் நேரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொண்டு 1100-க்குப் புகார் கொடுங்க. அவங்க தரும் மனு எண்ணைப் பத்திரமா குறித்து வையுங்க.