‘லார்ட்’ என்னும் சொல் வந்த வழி



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் ஓர் ஆங்கிலச் சொல். தமிழ் இலக்கிய வட்டத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ‘மை லார்ட்’ என்னும் விளி அதன் கூடங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவந்திருக்கிறது. இத்துணைக் காலம் நம்மோடு பழகிய சொல்லின் பிறப்பை அறிந்துகொள்வது தவறாகாது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹ்லாஃபோர்ட்’ என்று வழங்கிற்று. ‘ஹ்லாஃப்’ என்றால் அப்பம். இன்றைய ‘லோஃப்’ அதன் வழிவந்ததே. ‘வெயர்ட்’ என்றால் காவலன். ‘ஹ்லாஃப்வெயர்ட்’ என்னும் அப்பக் காவலனே ‘ஹ்லாஃபோர்ட்’ எனக் குறுகி, இடைக்காலத்தில் ‘லவர்ட்’ எனத் தேய்ந்து, இறுதியில் ‘லார்ட்’ ஆனான்.

அவன் துணைவி யார்? ‘லேடி’ என்னும் சொல்லின் பழைய வடிவம் ‘ஹ்லேஃப்டிய’. அப்பத்திற்கு மாவு பிசைபவள் என்பது அதன் பொருள். பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ என்னும் சொல் இதன் பின்பகுதிக்கு உறவு. ஆல்ஃபிரெட் மன்னரின் மகளும், 918இல் மறையும்வரை மெர்சியா நாட்டை ஆண்டவருமான ஏதல்ஃபிளேட் பெற்றிருந்த பட்டம், ‘மெர்சியரின் ஹ்லேஃப்டிய’ என்பதே. படை நடத்திக் கோட்டை கட்டிய அரசிக்கும் அடுக்களையில் பிறந்த சொல்லே பட்டமாயிற்று.

இக்குடும்பத்தில் மூன்றாவது உறுப்பினரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கென்ட் நாட்டு ஏதல்பெர்ட் மன்னரின் சட்டத்தில் ‘ஹ்லாஃபேட்டா’ என்றொரு சொல் காணப்படுகிறது. அப்பம் உண்பவன், அதாவது ஒருவனது சோற்றை உண்டு அவன் மனையைச் சார்ந்து வாழ்பவன் என்பது பொருள். காப்பவன், பிசைபவள், உண்பவன் என ஒரு வீடு முழுவதையும் இம்மூன்று சொற்களும் நம் கண்முன் நிறுத்துகின்றன.

‘ஹ்லாஃப்வெயர்ட்’ என்னும் முழு வடிவம் பழைய ஆங்கிலச் சங்கீதப் பாடல் ஒன்றில் வருகிறது. எகிப்திய மன்னன் யோசேப்பைத் தன் வீட்டுக்குத் தலைவனாக்கியதைக் கூறும் இடம் அது. பஞ்ச காலத்தில் களஞ்சியம் திறந்து தானியம் வழங்கிய யோசேப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்குமோ?

உண்டவனுக்குக் கடமையும் உண்டு. 991இல் மால்டன் என்னுமிடத்தில் வைக்கிங் படையோடு நிகழ்ந்த போரில் பிரித்நாத் என்னும் தலைவன் வீழ்ந்தான். அவன் வீழ்ந்த பின்னும் ஓடாமல் நின்று மடிந்த வீரரைப் பற்றிய பழம்பாடல் இன்றும் கிடைக்கிறது. கர்ணனை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. செஞ்சோற்றுக்கடன் என்னும் ஒரே சொல் போதும். ஆல்ஃபிரெட் மன்னரின் சட்டமும் குற்றங்கள் பலவற்றைப் பொருள் தண்டத்தால் தீர்த்துக்கொள்ள இடமளித்தது. தலைவனுக்கு இழைக்கும் துரோகத்திற்கு மட்டும் அவ்வழியை அடைத்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். டியூக், பேரன் போன்ற பட்டங்கள் பிரெஞ்சிலிருந்து வந்தன. ஆயினும் ‘லார்ட்’, ‘லேடி’ இரண்டும் நிலைத்து நின்றன. சமயத்திலும் இச்சொல் உயர்ந்தது. இலத்தீன் ‘டோமினுஸ்’ என்பதற்கு இதையே மொழிபெயர்ப்பாளர்கள் வைத்தனர். தமிழ் விவிலியங்களில் அவ்விடத்தில் ‘கர்த்தர்’, ‘ஆண்டவர்’ என்னும் சொற்களைக் காண்கிறோம். ஒன்று செய்பவனையும் மற்றொன்று ஆள்பவனையும் சுட்டும். ஆங்கிலச் சொல்லின் அடியிலோ உணவு கிடக்கிறது.

நிற்க. சொல் உயர உயர, அதன் உள்ளிருந்த அப்பம் மறைந்தது. சோறிட்டவனைக் குறித்த சொல், ‘லேண்ட்லார்ட்’ என்னும் தொடரில் வாடகை தண்டுபவனைக் குறிக்கிறது. பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் அவையில், பிறப்பால் மட்டுமே இடம்பெற்றவர்களில் பெரும்பாலோரை 1999ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றிற்று. நம் நாட்டிலும், ‘மை லார்ட்’ என்பது காலனியக் காலத்தின் எச்சம் என்று கூறி, இந்திய வழக்கறிஞர் மன்றம் 2006இல் மாற்று விளிகளைப் பரிந்துரைத்தது. நம் உயர்நீதிமன்றத்திலேயே நீதியரசர் கே. சந்துரு அவர்கள், தம்மை அவ்வாறு விளிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார்.

அவ்விளி போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் எழுப்பும் கேள்வி போய்விடக் கூடாது. யார் உண்ணக் காத்ததால் ஒருவன் தலைவன் எனப்பட்டான்?

இக்கேள்வி நமக்கும் உரியதே. நம் அழைப்பிதழ்களில் ‘புரவலர்’ என்று அச்சிடுகிறோம். நன்கொடைத் தொகையை வைத்து அப்பெயரை வழங்குகிறோம். ‘புர’ என்றால் காத்தல். பசித்து வந்த பாணனையும் புலவனையும் காத்தவனையே சங்கப் புலவர்கள் புரவலன் என்றனர். இரவலன் இல்லாமல் அச்சொல்லுக்கு வாழ்வில்லை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், அச்சுக்கூலி கொடுக்க வழியின்றிக் கையெழுத்துப்படியோடு நிற்கும் ஓர் இளங்கவிஞனின் முதல் நூலையேனும் ஆண்டுதோறும் வெளியிடுமானால், அப்பழஞ்சொல் நம்மிடத்தில் உயிரோடிருக்கும்.