கம்பனி ஆண்ட கதை

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒல்லாந்தர் நம்மை ஆண்டனர் என்று சொல்கிறோம். உண்மையில் ஆண்டது ஒல்லாந்து அரசன்று. ஒரு வியாபாரக் கம்பனி! 1602இல் தோன்றிய அக்கம்பனிக்குப் படை திரட்டவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும், நீதிபதிகளை நியமிக்கவும் பட்டயம் வழங்கப்பட்டது. 1658இல் அது யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. அன்று தொட்டு 1795 வரை நம் தலைவிதியை நிர்ணயித்தவர்கள், கடலுக்கப்பால் இலாப நட்டம் பார்த்திருந்த பதினேழு பணிப்பாளர்களே.

யானை விற்றதும் கம்பனி. சாயவேர் கிண்டுவித்ததும் கம்பனி. வரி தண்டியதும் கம்பனி. முறையிடச் சென்றால், நீதியாசனத்தில் வீற்றிருந்தவரும் கம்பனியின் சம்பளக்காரரே!

1707இல் நமது தேசவழமையை எழுத்தில் வடித்தவரும் கம்பனி உத்தியோகத்தரே. அதனைச் சரிபார்க்கப் பன்னிரு முதலியார்களைக் கேட்டனர். சீதனத்துக்கும் முதுசத்துக்கும் நம் சம்மதம் வேண்டியிருந்தது. வரிக்கும் ஊழியத்துக்கும் யாரைக் கேட்டனர்?

பின்னர் ஆங்கிலக் கம்பனி வந்தது. சென்னையிலிருந்து ஆமில்தார்களை இறக்கி, தென்னை மரத்துக்கும் வரி விதித்தது. கரையோர மக்கள் 1797இல் கிளர்ந்தெழுந்தனர். விசாரணைக் குழு அமைந்தது, வரியும் நீங்கியது. வாக்குச்சீட்டு இல்லாத மக்களுக்குக் கிளர்ச்சியே முறையீடாயிற்று! 1802இல் முடியாட்சி வந்தும் சர்வசன வாக்குரிமைக்கு 1931 வரை காத்திருந்தோம்.

பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கைமாறியது. 99 ஆண்டு என்பது மூன்று தலைமுறை. இன்று கையொப்பமிடுபவரை நம் பேரப்பிள்ளைகள் எந்தத் தேர்தலில் தோற்கடிப்பர்?

வணிகத்துக்கு நாம் பகைவரல்லர். முதலீடு வரட்டும், தொழில் பெருகட்டும். ஆனால் காணியும் கடலும் நீரும் கைமாறும் ஒவ்வோர் ஒப்பந்தமும், கையொப்பமிடுமுன், மக்கள் படிக்கும் மொழியில் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். பிணக்கு எழுந்தால் நாட்டின் பகிரங்க நீதிமன்றமே அதனைத் தீர்க்கவேண்டும். வரி விதிக்கும் உரிமை, வாக்கால் நீக்கப்படக் கூடியவர்க்கே இருக்கவேண்டும்.

பங்குதாரருக்குக் கணக்குக் காட்டுவது கம்பனியின் கடமை. குடிமக்களுக்குக் கணக்குக் காட்டுவது அரசின் கடமை. இரண்டாவது கடமையை ஏற்காத எவரிடமும் ஆளும் அதிகாரத்தை ஒப்படைக்க நாம் சம்மதியோம்!