அவரிடமே கேளுங்கள்



கீழப்பாவூர் வட்டாரத்திலிருந்து பட்டத்தோடு கிளம்புகிற நீங்கள் வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போவீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் என்றாவது அம்மாவோடு உங்கள் மேசை முன் வந்து நிற்பார். வயது முப்பத்தைந்து இருக்கும். அவரை விட்டுவிட்டு, "பையனுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கத்தான் நமக்கெல்லாம் வாய் வரும்.

எங்கே தங்குவது, எந்தப் பயிற்சி மையத்துக்குப் போவது, யார் குளிப்பாட்டிவிடுவது என்று எல்லாவற்றையும் வீட்டார் தீர்மானிப்பது பாசத்தால்தான். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" என்ற பயம் அந்தப் பெற்றோரின் தூக்கத்தையே தின்றுவிடுகிறது. அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் விருப்பத்தைக் கேட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று நினைக்கிறோமே, அது சரியல்ல.

சண்டிகரில் அரசு காப்பகம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண், அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். அவர் சம்மதிக்காமல் கலைக்கக் கூடாது என்று 2009 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைவிட என்னை உலுக்குவது, பாதுகாப்புக்கென்று வைத்த இடத்திலேயே அந்தக் கொடுமை நடந்தது என்பதுதான். சாப்பாட்டிலும் சட்டையிலும்கூட 'வேண்டாம்' சொல்ல விடாமல் ஒருவரை வளர்த்துவிட்டால், தகாத கை மேலே படும்போது மட்டும் அவர் எப்படிச் சொல்வார்? சொன்னாலும், காது கொடுத்துப் பழகியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த விருப்பத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று மாற்றுத்திறனாளி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. காப்பாளர் நியமனம் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அதுவும் அவர் விருப்பப்படி நடக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழு தரும் காப்பாளர் சான்றிதழை வாங்கியதும் ஆயுளுக்கும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குழுவின் மேசையில் நாளை நீங்கள் இருந்தால், அப்படியில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது? "அந்த மையத்துக்குப் போறியா?" என்றால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். எதற்கும் ஆமாம் சொன்னால் திட்டு விழாது என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இரண்டு மையங்களுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றிலும் ஒரு பகல் இருந்து பார்க்க விடுங்கள். மறுநாள் காலை வேன் ஹாரன் கேட்டதும் எழுந்து செருப்பைத் தேடுகிறாரா, போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பேச்சு வராதவரும் பதில் சொல்லிவிடுவார்.

விருப்பப்படி வாழப் பணமும் முக்கியம். இங்கிலாந்தில் 1996-இல் வந்த ஒரு சட்டம், பராமரிப்புச் செலவைப் பணமாகக் கையில் கொடுத்து, மாற்றுத்திறனாளியே தன் உதவியாளரை அமர்த்திக்கொள்ள வழி செய்தது. நம் அரசு தரும் மாத உதவித்தொகையில் ஆள் அமர்த்த முடியாது. தொகை உயர வேண்டும். அதுவரை, தன் பெயரில் வரும் பணத்தில் நூறு ரூபாயையாவது குற்றாலச் சீசனிலோ பாவூர்சத்திரம் கடையிலோ அவர் மனம்போல் செலவழிக்கட்டுமே.

பக்கத்து ஆய்க்குடியில், 1975-இல் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உதவி பெற வேண்டியவர் என்று ஊர் நினைத்தவர், முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்தார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த இடம் அரிதாகவே கிடைக்கிறது. அவர்களுக்கான திட்டத்தைப் பேசும் கூட்டத்தில் பெற்றோரும் நிபுணர்களும் அதிகாரிகளும் இருப்பார்கள், அவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படியொரு கூட்டம் கூடினால், அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலைப் படங்களோடு எளிய தமிழில் முன்கூட்டியே கொடுங்கள். பதில் வரும்வரை அடுத்த பொருளுக்குப் போகாதீர்கள்.