நந்தனும் நெருப்பும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் மங்கலமான பொருளைப் பேசுவதே மரபு. நான் எடுத்துக்கொண்டிருப்பதோ அச்சம். பேய், பிசாசு பற்றிய அச்சம் அன்று. கடவுளின் பெயரால் ஒன்றுகூடிய மக்கள் தம்முள் ஒருவரைப் பலியாகக் கேட்கும்போது எழும் அச்சம்.

மேலை இலக்கியத்தில் இதற்கெனத் தனி மரபே உண்டு. 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளின் நீதிபதிகளுள் ஒருவரது வழியில் வந்தவர் நதானியேல் ஹாதோர்ன். 1835இல் வெளிவந்த அவருடைய 'யங் குட்மேன் பிரவுன்' சிறுகதையில், தன் ஊரின் பக்திமான்களையெல்லாம் நள்ளிரவுக் காட்டில் சாத்தானின் கூட்டத்தில் காண்கிறான் ஓர் இளைஞன். 1948இல் ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'தி லாட்டரி'யில், சீட்டு விழுந்த பெண்ணின்மீது ஊரே கல்லெறிகிறது. எறிபவர் எவரும் கொடியவர் அல்லர். வழக்கம் என்பதற்காகவே எறிகின்றனர்.

தமிழில் இத்தகைய கதை உண்டா என வினவுவோர் தொலைவில் தேட வேண்டுவதில்லை. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இந்தப் பாடியிலேதான் உள்ளது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. அவர் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றை நினைத்துப் பாருங்கள்.

சுந்தரர் இவ்வடியாரின் பெயரை மட்டுமே சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஒரே பாடலில் முடித்தார். அதில் நெருப்பு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம்தான் தீ விரிவாக எரிகிறது. ஆதனூர் நந்தனார் தில்லையின் எல்லையை வலம் வருகிறார். உள்ளே செல்ல அஞ்சுகிறார். இறைவன் கனவில் தோன்றி, எரியில் மூழ்கி வருமாறு பணிக்கிறான். தென்வாயிலின் புறத்தே தீ வளர்க்கப்படுகிறது. புகுந்தவர் முந்நூல் அணிந்த முனிவராக எழுகிறார். அம்பலத்துள் சென்றபின் அவரை யாரும் காணவில்லை.

பக்தர்க்கு இது முத்தி. அந்நம்பிக்கையை இகழ்வது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்தான். தில்லையில் மனிதரை ஏன் விலகச் செய்யவில்லை? கல் விலகியது, ஊர் விலகவில்லை. நம்மை அச்சுறுத்துவது இந்த இடம்தான்.

இக்கேள்வியே பின்வந்தோரை எழுதத் தூண்டியது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணையாராகப் படைத்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தபின்தான் தில்லைக்குப் போகலாம் என்கிறார் அவர். புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' கதையில் தீக்குழியின் இடத்தில் ரயில் வண்டி வருகிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமோ அத்தீயைச் சூழ்ச்சியாகவே காட்டுகிறது.

நம் வட்டத்து இளைஞர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. கொடிய சாமியாரைப் படைப்பது எளிது. வாசகனும் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவான். விறகு சுமந்தவர், மலர் தூவியவர், கைகூப்பி நின்றவர் ஆகியோரை எழுதுங்கள். அவர்களுள் தன்னைக் காணும் வாசகனுக்கு உறக்கம் வாராது.

அவ்வாறு எழுதுவோர்க்கு இடர் உண்டு. 2010இல் வெளியான 'மாதொருபாகன்' நாவலுக்காக, 2015 சனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவிக்க நேர்ந்தது. 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே அவர் மீண்டும் எழுத வந்தார். ஊர்க்கூட்டத்தின் சினம் கதைக்குள் மட்டும் இருப்பதன்று.

இறுதியாக ஒன்று. 1939 சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். அவர்கள் எந்தத் தீயிலும் மூழ்கவில்லை. பிறந்த உடலோடே சென்றனர், அவ்வுடலோடே வீடு திரும்பினர். நந்தன் கதைக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு என்பதை அந்நாள் காட்டியது. வரலாறு எழுதிய அம்முடிவுக்குத் தகுந்த கதைகளை நாம் எழுத வேண்டும்.