விளம்பரத் தொழிலும் அரசியற் பிரமுகரும்



விளம்பரத்தைப் பொய்யின் மறுபெயரென இகழ்வோர் நம்மிற் பலர். அன்னோர்க்கு ஒரு விருத்தாந்தம் கூறுவேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா 1955 ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. அன்று கூட்டம் மிகுந்து, குடிநீர் போதாமல் ஜனங்கள் வாடினர், பத்திரிகைகள் தூற்றின. அவ்வாண்டிலேயே ஜாக் லிண்ட்க்விஸ்ட் என்பார் அதன் முதல் விளம்பர மானேஜராக அமர்ந்தார். 1990-ல் அப்பூங்காவின் தலைவராகவும் உயர்ந்தார்.

அவர் காலத்தில் அரசியற் பிரமுகர் பலர் அங்கு வந்தனர். 1959 ஜூனில் உபஜனாதிபதி நிக்ஸன் குடும்பத்தோடு வந்து, ஒற்றைத் தண்டவாள ரயிலைத் தொடங்கி வைத்தார். செப்டம்பரில் ருஷியத் தலைவர் குருஷ்சேவ் வர விரும்பியும், பாதுகாப்பைக் காரணங்காட்டித் தடுத்தனர். அவர் சினந்து பேசியது உலகப் பத்திரிகைகளில் ஏறிற்று. வந்தவரினும் வராதவரே பெரிய விளம்பரமாயினார்! 1961 நவம்பரில் அந்நாட் பிரதமர் நேரு அவர்களும் சென்று கண்டார்.

எனினும் அன்பர்களே, தலைவரின் படம் ஜனங்களை வாயில் வரையிலேயே அழைத்து வரும். உள்ளே தாகத்தோடு நிற்கும் குழந்தைக்கு அப்படத்தாற் பயனென்ன? சரக்குச் செம்மையாயிருப்பின் விளம்பரம் மெய், இன்றேல் வஞ்சனை. இத்தொழில் புகும் நம் வாலிபர் இதனை மறவாதிருப்பாராக.