நைல் வண்டல் சொல்லும் பாடம்



ஆத்து வண்டல் என்றாலே பொன் விளையும் மண் என்று சொல்வோம். வாஸ்தவம்தான். ஆனால் மழையே இல்லாத பாலைவனத்தில் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலுக்கு ஒரு சங்கடமும் உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் வருஷம் பூராவும் பெய்யும் மழை சுமார் 25 மில்லிமீட்டர்தான். நம்ம ஊரில் ஒரு நாள் மழை! அங்கே நைல் நதிக் கரையில் கிடக்கும் கறுப்பு மண், எத்தியோப்பிய மலைகளின் எரிமலைப் பாறை சிதைந்து, வெள்ளத்தோடு வந்தது.

அதில் களி அதிகம். பெரும்பகுதி ஸ்மெக்டைட் என்ற வகைக் களி. நம் கோவில்பட்டிக் கரிசலில் உள்ளதும் இதே இனம்தான். நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து எல்லாம் உண்டு. தழைச்சத்து மட்டும் குறைவு. காரத்தன்மையால் மணிச்சத்து, துத்தநாகம், இரும்பு ஆகியவை பயிருக்கு லேசில் கிடைக்காது. பெட்டியில் பணம் இருக்கு, சாவி இல்லை என்கிற கதை!

பழைய நாளில் வருஷா வருஷம் வெள்ளம் வயலில் தேங்கி, வண்டலைப் போட்டுவிட்டு உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. பிறகு வருஷம் முழுவதும் வாய்க்கால் பாசனம் வந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணையும் கட்டி முடிந்தது. போகம் கூடியது, பஞ்சம் தீர்ந்தது. ஆனால் வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஓயாமல் பாய்ச்சியதில் நிலத்தடி நீர் மேலே வந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உப்பும் ஏறி, மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. கடைசியில் லட்சக்கணக்கான ஏக்கரில் பூமிக்கடியில் துளைக் குழாய் பதித்து, உப்புத் தண்ணீரை வடிக்க வேண்டியதாயிற்று.

கரிசலில் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களே, உங்களுக்கும் இதுதான் பாடம். தண்ணீர் வர வழி வைத்தால், போகவும் வழி வையுங்கள். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உவர் நிலமென்றால் நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடியுங்கள். களர் நிலமென்றால் பரிசோதனையில் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, பிறகு வடியுங்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்.

வெள்ளைப் பூத்த பிறகு பார்த்துக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.